ராணுவத்தில் சேர நினைக்கும் பிள்ளைக்கு முழு விவரமும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பையன்கள் பலர், ராணுவத்தில் சேர்ந்தே தீர்வது என்ற உறுதியோடு விடியற்காலையில் கண்மாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் ஓடிப் பழகுகிறார்கள். நான் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் வந்து, "பட்டாளத்துக்கு அனுப்பலாமா?" என்று கேட்பதுண்டு. அனுப்புங்கள் என்றோ வேண்டாம் என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனென்றால், எந்தப் பதவிக்குப் போகிறோம், எத்தனை ஆண்டுப் பணி, அதற்குப் பிறகு என்ன என்ற அடிப்படை விவரங்களைக்கூட அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. அவற்றைச் சொல்ல வேண்டிய கடமை பள்ளிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இருக்கிறது என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

சிப்பாயாகச் சேர்ந்து பதினைந்து ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய சித்தப்பாக்களையும் மாமாக்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஆனால், 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு, சிப்பாய் நிலையில் சேருகிறவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே அக்னிவீரர்களாக எடுக்கப்படுகிறார்கள். அந்த நான்கு ஆண்டுகளின் முடிவில் அதிகபட்சமாக 25 விழுக்காட்டினர் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர்; மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும், அதனோடு வரும் மருத்துவ வசதியும் கேன்டீன் சலுகையும் இல்லை. இதை முழுமையாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்கும் குடும்பங்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். "எப்படியும் நம் பையனை வைத்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கையில்தான் பலரும் அனுப்பிவைக்கிறார்கள்.

பணக் கணக்கையும் சரியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், அதில் 30 விழுக்காடு சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடிக்கப்படுவதால் கையில் கிடைப்பது 21,000 ரூபாய். நான்காம் ஆண்டில் 40,000 ரூபாய்க்கு 28,000 ரூபாய் கைக்கு வரும். பிடித்த தொகைக்கு ஈடாக அரசும் அதே அளவு செலுத்துவதால், பணி முடிந்து வெளியே வரும்போது வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். அதற்கு வருமான வரி இல்லை. 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் உண்டு. பதினெட்டு வயதில் சேர்ந்து இருபத்திரண்டு வயதில் திரும்பும் ஒரு கிராமத்துப் பையனுக்கு இது சிறிய தொகையன்று. ஆனால், அக்காள் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் அந்தப் பணம் போய்விடுமானால், ஐந்தாம் ஆண்டில் அவன் கையில் பட்டமும் இருக்காது, முதலும் இருக்காது. எனவே, பணியில் இருக்கும்போதே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கென்று நடத்தும் பட்டப் படிப்பில் சேர்ந்துவிட வேண்டும் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு பையனிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். நான்காண்டுப் பணிதானே என்பதற்காகப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாம் ஆண்டுக்கான ஏற்பாட்டை முதல் ஆண்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டு போகட்டும் என்கிறேன்.

தேர்வு முறையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் திறந்த மைதானத்தில் முதலில் ஓட்டம், அதில் தேறியவர்களுக்குப் பிறகு எழுத்துத் தேர்வு என்றிருந்தது. 2023 முதல் கணினி வழியிலான பொது நுழைவுத் தேர்வே முதல் கட்டமாகிவிட்டது. அதில் தேறியவர்களை மட்டுமே ஆள்சேர்ப்பு முகாமுக்கு அழைக்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள் கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகின்றன. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி முடிக்கும் அருமையான கால்கள் கொண்ட பையன்கள், பொது அறிவிலும் கணக்கிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதுகூடத் தெரியாமல் எழுதிவிட்டு, மைதானத்தைக் கண்ணால் பார்க்காமலேயே வெளியேறுகிறார்கள். காலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிற பையன் மாலையில் ஒரு மணி நேரமாவது பாடம் படிக்க உட்கார வேண்டும். ஜெனரல் டியூட்டி எனப்படும் பொதுப்பணிச் சிப்பாய் பிரிவுக்கே பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். பச்சை குத்திக்கொள்வதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு என்பதையும், தட்டைப் பாதம், முழங்கால் இடித்தல், நிறக்குருடு போன்றவை மருத்துவப் பரிசோதனையில் தடையாகும் என்பதையும் முன்னரே அறிந்திருந்தால், நல்ல மருத்துவர் ஒருவரிடம் காட்டி உண்மை நிலையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப முடிவெடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. ராணுவம் என்றால் சிப்பாய் வேலைதான் என்று நம் பக்கத்தில் வேரூன்றிப்போயிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கும்போதே, அதிகாரியாவதற்கான தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை எழுதலாம் என்பதும், ஆண்டுக்கு இருமுறை ஒன்றியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வுக்கு மதுரையிலேயே மையம் இருக்கிறது என்பதும், ராணுவப் பிரிவுக்கு எந்தப் பாடப்பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதும் நம் அரசுப் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தேர்வானால் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லாவில் மூன்றாண்டுப் பயிற்சி அரசுச் செலவிலேயே நடக்கும், பட்டமும் கிடைக்கும். பிறகு டேராடூனில் ஓராண்டுப் பயிற்சி முடித்து லெப்டினன்டாக வெளியே வரலாம். உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பிறகு பெண்களுக்கும் இந்த வாசல் திறந்துவிட்டது. அவர்களின் முதல் அணி 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியேறியது. பட்டம் பெற்றவர்களுக்கு ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றவர்கள் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக நேர்காணலுக்கு விண்ணப்பிக்கும் வழியும் இருக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமி சென்னைப் பரங்கிமலையிலேயே உள்ளது.

தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவது தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பெரும் சுமை என்பது உண்மை. அதற்காக இந்தப் பேச்சையே எடுக்காமல் விடுவது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தையும் கணக்கையும் இந்தத் தேர்வை மனத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், ஒரு பள்ளியிலிருந்து ஓரிருவராவது தேற முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் உயிர்நீத்த ஹவில்தார் பழனி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். 2022 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரியில் ராணுவ முகாமைக் காத்து நின்று உயிர்நீத்த லட்சுமணன் நம் மதுரை மாவட்டத்துப் பிள்ளை. இதையெல்லாம் பெற்ற தாயிடம் பேசாமல் விண்ணப்பத்தை நிரப்பும் பையனை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து பேசி, எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட பிறகு போகிறவன்தான் குளிரிலும் தனிமையிலும் தளராமல் நிற்பான். ஆள்சேர்ப்பில் இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மாவட்ட நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் நடக்கும் உயர்கல்வி வழிகாட்டலில் முப்படைப் பணிகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் மூலம் ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் ஜவான்களையும் அழைத்துப் பேச வைக்கலாம். ஊதியமின்றி வருவதற்கு என்னைப் போன்றோர் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கிறோம். மேலும், முதல் அணி அக்னிவீரர்களின் நான்காண்டுப் பணி 2026 முடிவை ஒட்டி நிறைவடைகிறது. முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லாததால் நல அலுவலகத்தின் கதவு அவர்களுக்குச் சட்டப்படி திறக்காது. ஊர் திரும்பும் அந்த இளைஞர்களின் பெயர்களைப் பதிவு செய்து, வேலைவாய்ப்புக்கும் மேற்படிப்புக்கும் வழிகாட்டும் பொறுப்பை அந்த அலுவலகத்துக்கே மாநில அரசு ஓர் ஆணையின் மூலம் வழங்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.