மொட்டைமாடி விருந்துக்கு இரண்டாவது படிக்கட்டு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் மொட்டைமாடி உணவகங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை நீளும் ‘பிரஞ்ச்’ விருந்துகளைப் பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அண்ணா சாலைப் பக்கம் உயரமான மாடியொன்றில் அமர்ந்து, எல்.ஐ.சி. கட்டடத்தையும் தொலைவில் பரங்கிமலையையும் பார்த்தபடி சாப்பிடுவது இனிமையானதுதான்; அதற்காகக் கொடுக்கும் விலை இட்லிக்கும் ஆம்லெட்டுக்கும் உரியதன்று என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால், 1959இல் திறக்கப்பட்ட அந்த எல்.ஐ.சி. கட்டடமே 1975இல் பெருந்தீக்கு இரையானது என்பதை நினைவில் வைத்திருக்கும் என்போன்றவர்களுக்கு, மேலே போனவர்கள் அவசரத்தில் எந்த வழியாக இறங்குவார்கள் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை.

இரவு விருந்தைவிட நண்பகல் விருந்தில் இந்தக் கவலை கூடுதல். நம் ஊர் வெயிலில் அந்நேரத்தில் திறந்தவெளியில் யாராலும் உட்கார முடியாது என்பதால், மாடி முழுவதும் கீற்று, மூங்கில் தட்டி, துணிப் பந்தல், பிளாஸ்டிக் விரிப்பு என்று எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள்களால் மூடப்பட்டுவிடுகிறது. அதன் கீழேயே விருந்தினர் கண்ணெதிரில் தோசையும் கபாபும் போட்டுத் தருவதற்காக அடுப்புகள் எரிகின்றன. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மாடியில் கசிந்தால் முழுவதும் காற்றோடு போய்விடும் என்று நம்புவதற்கில்லை, கைப்பிடிச் சுவருக்குள் தேங்கிப் படிக்கட்டு வழியாகக் கீழேயும் இறங்கும். மாறாக, கீழ்த்தளங்களில் தீப்பிடித்தால் அதே படிக்கட்டு புகைபோக்கியாக மாறிவிடும். மின்தூக்கியையும் அப்போது பயன்படுத்தக் கூடாது. இருக்கும் ஒரே படிக்கட்டிலும் உபரி நாற்காலிகளையும் தண்ணீர்க் கேன்களையும் அடுக்கி வைத்திருந்தால் என்ன செய்வது?

இது வெறும் கற்பனை அச்சமன்று. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் மாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வெளியேற வழியின்றிக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கி, புகையில் மூச்சுத் திணறி மாண்டவர்கள். கீற்றுக் கூரையும் குறுகலான படிக்கட்டும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை, 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்து நாம் அறிந்தோம். பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்ன அதே மாநிலத்தில், உணவக மாடிகளில் அது ‘கிராமியச் சூழல்’ என்ற பெயரில் விளம்பரமாகிறது.

கொல்கத்தாவில் 2025 ஏப்ரல் இறுதியில் ஒரு விடுதியில் நேர்ந்த தீ விபத்தில் 14 பேர் இறந்த பிறகு, மொட்டைமாடி என்பது பொது இடம், அதை விற்கவோ வணிகத்துக்கு மாற்றவோ கூடாது என்று கூறி, அந்நகர மேயர் மாடி உணவகங்களை மூடச் சொன்னார். அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முறையாக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்க்கும் இளைஞர்களின் பிழைப்பும் இருக்கிறது. தவிர, கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கும் ஆபத்தில் ஒதுங்க மாடி வேண்டும் என்ற வாதம், மாடி முழுவதையும் மேசைகளால் நிரப்பாமல் ஒரு பகுதியைக் காலியாக விட்டாலே பெருமளவு நிறைவேறிவிடும்.

நான் கேட்பது ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை வாடிக்கையாளர் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்பது இப்போதே விதி. அதுபோல, மாடியை உணவகமாகப் பயன்படுத்த அனுமதி உண்டா, தீயணைப்புத் துறையின் சான்று எந்தத் தேதி வரை செல்லும், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், இரண்டாவது படிக்கட்டு எந்தப் பக்கம் என்ற நான்கு விவரங்களையும் தரைத்தளத்தில் மின்தூக்கியின் வாசலிலேயே எழுதி வைக்க மாநகராட்சி ஆணையிட வேண்டும். மேலே போய் மேசையில் அமர்ந்த பிறகு இதையெல்லாம் விசாரிக்க யாருக்கும் மனம் வராது. குழந்தைகளோடும் முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடும் வரும் குடும்பங்கள், ஏறுவதற்கு முன்பே முடிவெடுக்க அது உதவும்.

தங்கள் இணைப்பிலும் இனி ஒரு மாடி உணவகத்தை அறிமுகப்படுத்தும்போது, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த விவரங்களுக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை.