அவ சொன்ன மூஞ்சி

சுமதி,

நாலு மாசமா போன் பண்றேன் பண்றேன்னு சொல்லி பண்ணல, திட்டணும்னா திட்டிக்கோ. அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இவருக்கு டிரான்ஸ்பர் இன்னும் வரல. வீட்டு நியூஸ் அவ்ளோதான்.

எழுதறது வேற விஷயத்துக்கு. மூணு நாளா சரியா தூக்கமே இல்லடி. இங்கிலாந்துல யார்க்‌ஷைர் ரிப்பர்னு ஒருத்தன், பீட்டர் சட்க்ளிஃப், லாரி டிரைவர், 1975-லேருந்து 1980-க்குள்ள 13 பெண்களக் கொன்னவன். உனக்குத் தெரிஞ்சிருக்கும், ரெக்கார்ட் நோட்டுக்குள்ள கிரைம் நாவல் வச்சுப் படிச்சவதானே நீ! ஆனா எனக்கு அவன் மேல இல்ல, அவன்கிட்டேருந்து தப்பிச்சவங்க மேலதான் மனசு போகுது.

மொத கொலைக்கு ரெண்டு மாசம் முன்னாடி 14 வயசுப் பொண்ணு ஒருத்திய சுத்தியலால அடிச்சுப் போட்டான். அடிக்கறதுக்கு முன்னாடி அவகூட பேசிக்கிட்டே ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கான், அதனால தாடி, சுருட்டை முடின்னு மூஞ்சிய அப்படியே சொல்லிட்டா, அவ சொல்லித் தயாரிச்ச படத்தப் பாத்தா அவனேதான். அத ரிப்பர் கேஸோட சேக்கவே இல்ல, ஏன்னா அவன் பாலியல் தொழில் பண்றவங்களத்தான் தேடிப் போறான்னு போலீஸ் மனசுல முடிவு பண்ணிடுச்சு. 1976-ல லீட்ஸ்ல ஒரு கருப்பினப் பெண், நாலு மாசம் கர்ப்பம், தலைல 50 தையலுக்கு மேல, குழந்தையும் போச்சு. அவ சொன்ன அடையாளத்தையும் ஒதுக்கிட்டாங்க.

ஆனா 1979 ஜூன்ல "நான்தான் ஜாக்"னு, தான்தான் அந்தக் கொலைகாரன்கற மாதிரி பேசி எவனோ அனுப்பின கேசட்ட மட்டும் ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுங்கற பெரிய அதிகாரி அப்படியே நம்பிட்டாரு. குரல் சண்டர்லேண்ட் பக்கத்துப் பேச்சு, சட்க்ளிஃப் பிராட்ஃபோர்டுக்காரன், அவன் பேச்சே வேற. மொத்தம் 9 தடவ விசாரிச்சும் அவன விட்டுட்டாங்க. கேசட் வந்தப்புறம் இன்னும் மூணு பேர் செத்தாங்க, சுமதி. அனுப்பின ஜான் ஹம்பிள் 2005-லதான் சிக்கினான், கவர் ஒட்டின எச்சில்ல இருந்த டிஎன்ஏ வச்சு.

சட்க்ளிஃப் மாட்டினது 1981 ஜனவரி 2, ஷெஃபீல்டுல, போலி நம்பர் பிளேட்டுக்கு! ஒண்ணுக்குப் போகணும்னு ஒதுங்கிட்டு வந்திருக்கான். மறுநாள் ஒரு சார்ஜென்ட்டுக்கு ஏதோ உறுத்தி, அதே எடத்துக்குப் போய்ப் பாத்தா எண்ணெய் டாங்க் பக்கத்துல சுத்தியலும் கத்தியும்.

நடுவுல பெண்களப் பாத்து ராத்திரி வெளில வராதீங்கன்னாங்க. அந்தப் பேச்ச ஏத்துக்காம 1977 நவம்பர்ல லீட்ஸ் பொண்ணுங்க ராத்திரிலயே ஊர்வலம் போனாங்க.

இதப் படிச்சப்போ எனக்கு நம்ம ஹாஸ்டல் ஞாபகம் வந்துது. பின்பக்க சுவர் ஏறி வந்தவன கனகா நேருக்கு நேர் பாத்தா, இடது புருவத்துல தழும்புன்னு கூட சொன்னா. வார்டன் என்ன கேட்டாங்க? "அந்த நேரத்துல மொட்டை மாடில உனக்கென்ன வேலை?" ஆறு மணிக்கே கேட்டைப் பூட்டினாங்க, தழும்ப யாரும் ஒரு பேப்பர்ல கூட எழுதிக்கல. நாமளும் அவ பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை பேசலடி, கேட்டைப் பூட்டினதுக்கு அவமேலதான் கோவப்பட்டோம், ஒரு வாரம் அவகூட உக்காந்து சாப்பிடக்கூட இல்ல.

அவ நம்பர் உன்கிட்ட இருந்தா அனுப்பு. இன்னிக்கே பேசணும்.

உன்
வசந்தி