பென்ஸ் சாவி பற்றி அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியிலேயே வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் இரண்டு பேரும் கத்துவோம், நடுவில் உன் அம்மா பஞ்சாயத்துக்கு வருவாள். அதனால் எழுதுகிறேன். வாட்ஸப்பில் இவ்வளவு நீளத்துக்கு அனுப்பினால் நீ படிக்க மாட்டாய். கூரியரில் வருகிற காகிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

தீபாவளி லீவுக்கு உன் கூட்டாளிகள் மூன்று பேர் புனேயிலிருந்து உன்னோடு வருகிறார்கள். அவர்களைக் கொல்லிமலைக்குக் கூட்டிப் போக வேண்டும், பென்ஸை நீயே ஓட்ட வேண்டும். பதினெட்டு முடிந்தாயிற்று, லைசென்ஸ் கையில் இருக்கிறது. நான் வேண்டாம் என்றதும் நீ சொன்னது: "நான் பையனா இருந்திருந்தா சாவியத் தூக்கிக் கொடுத்திருப்பீங்க."

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன் பெரியப்பா பையன் இதே வண்டியைப் போன வருஷம் கேட்டான். அவனுக்கு அப்போது பதினாறு. கொடுக்கவில்லை. உன் பெரியப்பா கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் தன் வண்டியை அவனிடம் கொடுக்கிறார் என்பது எனக்கும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பிள்ளைக்கு இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸ் கிடையாது. அவரிடம் சொன்னேன். "நம்ம ஊர்ல யாரு கேக்கறா" என்றார். கேட்கிற நாள் வரும்போது கேட்பார்கள். பெண் பிள்ளை என்பதை வைத்துத்தான் முடிவு செய்வதானால் உனக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வயசுக்குள் சாலையில் சாகிறவர்களில் பெண்களைவிட ஆண்கள் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

சரி, அது முடிந்தது. இப்போது வண்டிக்கு வருகிறேன்.

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறவன் வீட்டில் வளர்ந்தவள் நீ. நம் ஷெட்டில் எவனும் லைசென்ஸ் எடுத்த மறுநாள் லோடு டேங்கரில் உட்கார்ந்ததில்லை. கிளீனராக வருவான், டயர் தட்டிப் பார்ப்பான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சத்தம் கொடுப்பான். அப்புறம் காலி வண்டி, பக்கத்தில் மூத்த டிரைவர், சமதளத்து ரோடு. மலை ரோடு எல்லாவற்றுக்கும் கடைசியில். இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகாதவனுக்கு லாரிக்கு எல்.எல்.ஆர். கூடக் கிடையாது, இருபது வயசுக்குக் கீழே லாரி லைசென்ஸே இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் காருக்கு அப்படி எதுவும் கிடையாது. காலையில் 37 குதிரைசக்தி மாருதி 800 ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியவன் சாயங்காலம் 200 குதிரைசக்தி வண்டியில் உட்காரலாம். சட்டம் விட்ட அந்த இடத்தை வீட்டில் இருக்கிறவர்கள்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

எடிசனில் இருக்கிற உன் அத்தையைக் கேட்டுப் பார். நியூ ஜெர்சியில் புதுசாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ராத்திரி பதினொன்றிலிருந்து விடிகாலை ஐந்து வரை ஓட்டக் கூடாது, அப்பா அம்மா உடன் இல்லாமல் கூட்டாளிகளில் ஒருவருக்கு மேல் ஏற்றவும் கூடாது. அவள் பையன் அந்த ஸ்டிக்கரைத் திட்டாத நாள் இல்லையாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். அம்மாவின் ஸ்விஃப்டில் இண்டிகேட்டர் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம். டிரைவிங் ஸ்கூலில் உன் கை பழகியதும் அப்படித்தான். பென்ஸில் இண்டிகேட்டர் இடப்பக்கம். வலப்பக்கம், அதே இடத்தில், அதே மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது கியர் லீவர். இடது இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து அதை மேலே தட்டினால் வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். நம் பெரிய டிரைவருக்கு நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஸ்டீயரிங்தான் வேலை. அவருக்கே வண்டி வந்த புதிதில் கை அங்கேதான் போனது. சேலம் ரோட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார், என்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அது நேர் ரோடு, பகல் வெளிச்சம், ஓரங்கட்டிச் சரிசெய்துகொண்டார்.

இதையே கொல்லிமலை இறக்கத்தில் நினைத்துப் பார். காரவள்ளிக்கு மேலே எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவது பெரிய காரியமில்லை, வண்டியே ஏற்றிவிடும். வேலையெல்லாம் இறங்கும்போதுதான். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரன் சொல்வது என்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக. ஆட்டோமேட்டிக்கை 'டி'யில் போட்டுச் சும்மா விட்டால் அது தானாகவே மேல் கியருக்குப் போகும், நீ ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை அழுத்துவாய், பாதி மலை வருவதற்குள் டிஸ்க் காய்ந்து வாசம் வரும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இடப்பக்கம் இருக்கிற சின்னப் பட்டையை இழுத்துக் கியரைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது உனக்குத் தெரியுமா என்று போனில் கேட்க நினைத்தேன், நீ வைத்துவிட்டாய். இதற்கு நடுவில் பழக்கத்தில் கை லீவரைத் தட்டி நியூட்ரலானால் என்ஜினின் பிடி சுத்தமாகப் போய்விடும். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கின லாரிகள் என்ன ஆயின என்று நம் ஷெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நல்ல வண்டி என்பதாலேயே இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஸ்விஃப்ட் எண்பதைத் தாண்டினால் காற்றுச் சத்தம், டயர் சத்தம், டேஷ்போர்டில் ஏதோ ஒன்று கடகடக்கும். வண்டியே உன்னிடம் 'போதும்' என்று சொல்லிவிடும். பென்ஸ் சொல்லாது. நூற்றிருபதிலும் உள்ளே பாட்டு மட்டும்தான் கேட்கும். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு 7.3 விநாடி என்று கம்பெனி பெருமையாகப் போட்டிருக்கிறது. நூறில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்கு என்பது எனக்கு நீ பன்னிரண்டாவது படிக்கும்போது சொன்னதுதான். முட்டை லாரி, போர்வெல் வண்டி, பார்க்காமல் குறுக்கே வருகிற டி.வி.எஸ். ஃபிஃப்டி, இதெல்லாம் ஓடுகிற நம் ரோட்டில் வேகத்தைக் காட்டிக்கொடுக்காத வண்டி புதுக் கைக்கு ஆகாது. 2022-இல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில்தான், 64,105.

"பென்ஸ்தானே, ஒண்ணும் ஆகாது, ஏழு ஏர்பேக்" என்றாய். 2022 செப்டம்பரில் பால்கர் பக்கம் ஒரு ஆற்றுப் பாலத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி வந்த கார் மோதியது. அதுவும் பென்ஸ்தான். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும், அவரையும் சேர்த்து, போய்விட்டார்கள். நீ பெல்ட் போடுவாய். பின்னால் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கிற உன் கூட்டாளிகளைப் போட வைப்பாயா? அவர்கள் "இன்னும் கொஞ்சம் அழுத்துடி" என்று சொன்னால் அழுத்தாமல் இருப்பாயா? இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று பேர் சேர்ந்து கேட்கும்போது என்ன ஆகும் என்பது அங்கே போனால்தான் உனக்கே தெரியும்.

நீ படிக்கிற ஊரில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே 19 விடிகாலை, கல்யாணி நகரில், பதினெட்டு ஆகாத பையன் ஓட்டிய போர்ஷே மோதி பைக்கில் போன இரண்டு ஐ.டி. பிள்ளைகள் செத்தார்கள். முதல் நாள் ஜாமீனில் முந்நூறு வார்த்தைக் கட்டுரை எழுதச் சொன்னதைத்தான் ஊரே பேசியது. எனக்கு வேறொன்று மனசில் நின்றுவிட்டது. கோடிக்கணக்கில் விலை உள்ள அந்தக் காருக்கு 1,758 ரூபாய் கட்டாததால் பதிவு முடியாமல் கிடந்தது. லாரிக்காரனுக்கு எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, ஒரு நாள் தவறினால் தூக்கம் வராது. அப்புறம் ரத்த மாதிரியை மாற்றியதாக வழக்கு, டாக்டர்கள் கைது, அப்பா கைது. நீ அந்தப் பையன் இல்லை, குடித்துவிட்டு ஓட்டப்போவதும் இல்லை. உன்னை அவனோடு சேர்த்து வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பெரிய வண்டி மோதினால் தப்பு யார் மேல் என்று கூட்டம் விசாரிக்காது. இது லாரிக்காரனுக்கு என்றோ தெரிந்த விஷயம். டி.வி.எஸ். ஃபிஃப்டிக்காரர் ராங் சைடில் வந்திருந்தாலும் கதவைத் திறந்து இறங்குகிற பதினெட்டு வயசுப் பெண்ணைத்தான் சுற்றி நிற்பார்கள். அங்கே நான் பக்கத்தில் இல்லாமல் நீ தனியாக நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். பம்பர் போனால் போகட்டும், நீ பத்திரமாக இருந்தால் போதும் என்று சினிமா அப்பா மாதிரி பேச மாட்டேன். இ.எம்.ஐ. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ஹெட்லைட்டே லட்சத்தைத் தாண்டும். அதைவிட முக்கியம், பாலிசியில் கட்டாயமாக இருக்கிற 15 லட்சம் விபத்துக் காப்பீடு வண்டியின் சொந்தக்காரருக்குத்தான். ஆர்.சி.யில் இருப்பது என் பேர். நீ ஓட்டிப் போய் உனக்கு ஏதாவது ஆனால் அதில் ஒரு பைசா வராது. அதைத் தனியாகச் சேர்க்க ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன். நீ எந்த வண்டியை ஓட்டினாலும் அது வேண்டும்.

சொல்லிவிட்டேன் என்பதிலேயே உனக்குப் புரிந்திருக்கும். ஒரேயடியாக மறுக்கவில்லை. இந்தத் தடவை கொல்லிமலைக்குப் பென்ஸ் கிடையாது, அதில் மாற்றமில்லை. நீ ஸ்விஃப்டில் மலை ஏறு. பெரிய டிரைவர் உன் பக்கத்தில் உட்காருவார். அவர் வாயைத் திறக்க மாட்டார், நீ தப்பான கியரில் வளைவுக்குள் போனால் மட்டும் தொண்டையைக் கனைப்பார். உன் கூட்டாளிகள் இன்னோவாவில் பின்னால் வரட்டும். இறங்கும்போது செகண்டில் இறங்கு, ஏறி வருகிறவனுக்கு ஒதுங்கிக் கொடு, ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை.

பென்ஸை ஷெட் மைதானத்தில் எடுத்துக்கொள். காலையில் லாரிகள் கிளம்பின பிறகு இடம் காலியாகத்தான் இருக்கும். இண்டிகேட்டர் போடு, எடு, போடு, எடு, கை இடப்பக்கம் தானாகப் போகிற வரைக்கும். பிறகு நான் பக்கத்தில் இருக்க ராசிபுரம் வரை, அப்புறம் சேலம் நாலு வழி ரோடு. ராத்திரி ஓட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். எதிரில் வருகிறவன் ஹை பீமைக் குறைக்க மாட்டான், அதற்குக் கண் பழக வேண்டும். வருகிற ஜூனில் உன் லைசென்ஸுக்கு ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் இதெல்லாம் ஓடி முடிந்திருந்தால் சாவியை நீ கேட்கவே வேண்டாம், ஃபிரிட்ஜ் மேலே கூடையில்தான் கிடக்கும். தனியாகவோ அம்மாவோடோ போ. நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதை அப்போது மறுபடி பேசலாம். உன் அம்மாவுக்கு இதுவே அதிகம் என்று தோன்றுகிறது. தன் ஸ்விஃப்டை உனக்கு ஓட்டக் கொடுப்பதற்கும் அவள் இன்னும் சம்மதிக்கவில்லை, அதை நீதான் பேசி வாங்க வேண்டும். எனக்கு அந்த வீட்டில் அவ்வளவு செல்வாக்கு இல்லை.

உனக்கு இதில் எது பிடிக்கவில்லையோ அதைச் சொல். போனில் சொன்னாலும் சரி, முழுசாகச் சொல்லிவிட்டு வை.

குர்லா எக்ஸ்பிரஸில் நாலு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்றா? தீபாவளிக் கூட்டம், இப்போதே போட்டால்தான் உண்டு. சேலத்தில் இறங்குங்கள், இன்னோவா வந்து நிற்கும். வருகிறவர்களில் யார் சைவம் என்று அம்மா கேட்கச் சொன்னாள். லைசென்ஸ் கார்டை ஹாஸ்டலில் மறந்து வைத்துவிட்டு வராதே.

அப்பா