பதினாறு பேரை வைத்து ஒரு மருந்தா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பச்சை (வறுக்காத) காபிக்கொட்டைச் சாறு உடல் எடையைக் குறைக்கும் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 11 வருடம் காப்ஸ்யூல் நிரப்பும் பிரிவில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

காப்ஸ்யூலுக்குள் போவது இந்தச் சாற்றை உலர்த்திய பொடி. அது ஈரத்தை இழுக்கும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசி வருவதற்குள் கட்டி பிடித்துவிடும். அதனால் கட்டி பிடிக்காமல் இருக்க மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (ஒரு மாவுப்பொடி), சிலிக்கா (நுண்ணிய மணல்சத்துப் பொடி) எல்லாம் சேர்ப்போம். எடையைக் குறைப்பதாகச் சொல்லப்படும் சத்தான குளோரோஜெனிக் அமிலம் அதில் எத்தனை சதவீதம் என்று சொல்லாமல் ‘500 மி.கி. சாறு’ என்று மட்டும் போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கட்டுரையிலும் அது இல்லை.

அப்புறம், நீங்கள் ஆதாரமாகக் காட்டிய 2012 ஆய்வு. 16 பேர், 22 வாரம், ஒரே ஆளுக்கே நிஜச் சாறும், சாறே இல்லாத வெற்றுக் காப்ஸ்யூலும் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் கலந்துகொண்டவர்களின் எடைக் கணக்கையே திருத்தியிருந்தார்கள் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் (பொய் விளம்பரங்களைத் தடுக்கும் அரசு அமைப்பு) குற்றம் சாட்டியது. 2014-ல் அந்த ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இதை ஒரு வரியாவது அதே பக்கத்தில் போடுங்கள், சரியா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்துத் தயாரிப்பு ஊழியர்