சிஸ்டர் கைக்காக மாறிய கிளவுஸ்

அன்புள்ள நெட்டை,

இங்கே எல்லோரும் நலம். உன் பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானாமே, உன் உயரம் வந்துவிடாமல் பார்த்துக்கொள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டருக்கு லேடெக்ஸ் அலர்ஜி, அதாவது ரப்பர் பாலில் செய்த கிளவுஸே ஒத்துக்கொள்ளவில்லை. நீ வாய் திறக்கும் முன்பே ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை உன் உள்ளங்கையில் வைத்தவரேதான். கொஞ்ச நாளாகவே கை சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சோப்பை மாற்றினார், களிம்பு போட்டார். போன மாதம் கேஸ் நடுவிலேயே கண் வீங்கி மூச்சு இரைத்துவிட்டது. நல்லவேளை, மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். நிர்வாகமோ "வார்டுக்கு மாற்றிவிடலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டது. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அவர் மட்டும் கிளவுஸை மாற்றினால் போதாதுடா. நாம் போடும் கிளவுஸில் இருக்கும் மாவு, ரப்பர் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கிறது. அமெரிக்காவில் அந்த மாவு போட்ட கிளவுஸையே 2017 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். சண்டை போட்டு, தியேட்டர் முழுக்க லேடெக்ஸை நிறுத்தி, செயற்கை ரப்பர் கிளவுஸ் வாங்க வைத்தேன். மார்த்தாண்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காசில் படித்தவன் நான். எனக்கும் அது லேசாக இல்லை.

அடுத்த நாளே மேல்படிப்புப் படிக்கும் பி.ஜி. பிள்ளைகள் புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். "சார், டச்சே போச்சு." எனக்கும் முதலில் விரல் மரத்த மாதிரிதான் இருந்தது. ஈரலுக்கு அடியில் இருக்கும் வின்ஸ்லோ துவாரத்துக்குள் இடது ஆள்காட்டி விரலை விட்டு, கட்டைவிரலை முன்னால் வைத்துப் பிடித்தால் ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஹெபாட்டிக் ஆர்ட்டரி துடிப்பது தெரியும், அதற்கு வலப்பக்கம் பித்தநாளம், உள்ளே கல் இருந்தால் நழுவி நழுவி ஓடும். நமக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்த பெரியவர் நம் விரலைப் பிடித்துவைத்துக் காட்டிக்கொடுத்த இடம். புதுக் கிளவுஸ் போட்ட அன்றைக்குத் துடிப்பு தெரிந்தது, கல் தெரியவில்லை. பிறகு பார்த்தால், விரல் நுனியில் கிளவுஸ் மடிந்து தொளதொளவென்று நின்றது. இந்தக் கம்பெனியின் ஏழரை சைஸ் என் கைக்குப் பெரிசு. ஏழு போட்டேன், கல் கிடைத்துவிட்டது. கிளவுஸின் தடிமன் தடிமன் என்கிறோமே, நுனி விரலோடு ஒட்டி நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இப்போது எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில், கேரலைன் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கை கிருமி கொல்லப் பயன்படுத்திய மெர்குரிக் குளோரைடு பட்டுப் பட்டுப் புண்ணானது. 1889-90 குளிர்காலத்தில் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய கிளவுஸ் இரண்டு ஜோடி செய்ய வைத்தார் ஹால்ஸ்டெட். 1890-ல் அந்த நர்ஸையே கல்யாணமும் செய்துகொண்டார். நோயாளியைக் காப்பாற்ற வந்த பொருளே இல்லை அது, ஒரு நர்ஸின் தோலுக்காக வந்தது. கொஞ்ச காலம் போட்டுப் பழகிய உதவியாளர்கள், வெறுங்கையைவிடக் கிளவுஸ் போட்ட கையே நன்றாக ஓடுகிறது என்று சொன்னதாக ஹால்ஸ்டெட்டே எழுதியிருக்கிறார். பிறகு அவரிடம் வேலை பார்த்த பிளட்குட் எல்லாக் கேஸுக்கும் போட ஆரம்பித்தார். 1899-ல் அவர் வெளியிட்ட ஹெர்னியா (குடலிறக்க) ஆபரேஷன் கணக்கில், சீழ் பிடிப்பது எவ்வளவோ குறைந்திருந்தது. ஆக, கை பழகிக்கொள்ளும். நம் சிஸ்டரை வார்டுக்கு அனுப்பத் துணிந்தவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

ஆனால் என் கவலை கிளவுஸே இல்லை, நெட்டை. டச் போச்சு என்று புலம்புகிற இந்தப் பிள்ளைகள் வார்டில் வயிற்றைத் தொட்டே பார்ப்பதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத்தான் கட்டிலருகே போகிறார்கள். போன வாரம் ஒருவனிடம், மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது, விரல் கணக்கில் சொல் என்றேன். போனை எடுத்து ரிப்போர்ட்டைத் தேடுகிறான். பெரியவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, மூச்சை இழுக்கச் சொல்லி, மண்ணீரல் வந்து விரலில் இடிக்கும்வரை காத்திருப்பாரே. வெறுங்கைக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், எவ்வளவு மெல்லிய கிளவுஸ் போட்டு என்ன? சின்னத் துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியும் ரோபோவும் வந்தபிறகு, வயிற்றைத் திறந்து கைவிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைந்துவிட்டது. அதனால்தான் வார்டுத் தொடலை விடக்கூடாது என்கிறேன். இப்போது காலை ரவுண்ட்ஸில், தொட்டுப் பார்த்து எழுதிவைத்த பிறகுதான் ஸ்கேனைத் திறக்க விடுகிறேன். முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

அப்புறம், உங்கள் பக்கம் இந்தச் செயற்கை ரப்பர், பாலிஐசோப்ரீன் கிளவுஸ் என்ன விலைக்கு வருகிறது? ஏழு சைஸ் தடையில்லாமல் கிடைக்கிறதா? இங்கே நிர்வாகம் விலையைக் காட்டியே மறுபடி லேடெக்ஸுக்குத் தாவப் பார்க்கிறது. அடுத்த மீட்டிங்குக்குள் உன் பில் ஒன்றின் நகலை அனுப்பிவை.

உன்,
பழைய அறைத்தோழன்