அரை மணி நேர உணவு இடைவேளை

அன்பு மகள் தேன்மொழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பின்னலாடை ஆலையில் மனிதவளப் பொறுப்பை ஏற்றிருக்கும் நீ, உணவு இடைவேளையை 45 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகக் குறைக்கும் சுற்றறிக்கையில் கையெழுத்திட வேண்டியிருப்பதாகவும், 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அரை மணி நேரம் விட்டால் போதும் என்றுதானே சொன்னது என்றும் எழுதியிருக்கிறாய். அந்தச் சட்டப்படி நீ சொல்வது சரியே. ஆனால் அந்த அரை மணிக்கு நம் பெரம்பூரில் ஒரு வரலாறு உண்டம்மா.

பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேர உழைப்பைச் சட்டமே அனுமதித்திருந்த காலம் அது. பகலில் கிடைத்த அரை மணிக்குள் தறியை விட்டு வெளியே வந்து, பஞ்சுத் தூசி படிந்த கையைக் கழுவக் குழாயடியில் முறைக்கு நின்று, தூக்குச் சட்டியைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் தறியருகே போய் நின்றாக வேண்டும். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இக்குறைகளை அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி.வாடியாவிடம் கொண்டு சென்றனர். 1918 ஏப்ரல் 27 அன்று அவர் தலைமையில், திரு.வி.க. துணைத் தலைவராக, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அரை மணியை 40 நிமிடமாக்குங்கள் என்பது அதன் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்று. கேட்டது பத்தே நிமிடம்!

பின்னர் நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே குற்றம்போல் ஆகிவிட்ட அந்த நிலைதான், தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் குரல் எழுப்பவும், 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறக்கவும் வழிவகுத்தது.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொள்பவர்கள்மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் சேரவில்லை. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, போராட்டம் தோற்றது. வேலைநிறுத்தத்தில் சேராதவர்களைக் கருங்காலிகள் என்று ஏசியவர்கள், நிலமோ சேமிப்போ இல்லாத குடும்பம் மாதக்கணக்கில் கூலியின்றி எப்படி இருக்கும் என்று யோசிக்கவில்லை. சேரியைச் சமமாக நடத்தாத ஊர், சங்கு ஊதியதும் அவர்களைத் தோழர்களாக வந்து நிற்கச் சொன்னது என்பதே என் எண்ணம்.

கையெழுத்திடுமுன், கடைசி எந்திரத்திலிருந்து உணவுக்கூடம்வரை ஒருமுறை நடந்து பார். அங்கே எத்தனை குழாய்கள் இருக்கின்றன என்றும் எண்ணிப் பார். விடுதியில் தங்கியுள்ள ஒடிசாப் பெண்களிடம் இந்தச் சுற்றறிக்கை பற்றி யாராவது கேட்டார்களா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா