லைப்ரரிப் பக்கம் போனாயா, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அதைப் பற்றிக் கவலைப்படாதே. பெரியவள் குழந்தையோடு வந்து போனாள். ஆவணியில் காது குத்தலாம் என்கிறார்கள். மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள். அதனால் நாள் இன்னும் குறிக்கவில்லை. மோர்தானா பக்கம் மறுபடியும் யானை இறங்கிவிட்டது. ஆந்திராக் காட்டிலிருந்து வருகிறது, நம் ஊர் நிலத்தில் தின்கிறது. மாமாவின் வாழை போச்சு. மற்றபடி சேதி ஒன்றும் இல்லை.

போன் போட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "நல்லா இருக்கேன் நைனா, டியூட்டி இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். நெட்வொர்க் இல்லை என்றால் நம்புகிறேன், நானும் அந்த மலைகளைப் பார்த்தவன்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு நீ வாட்ஸ்அப்பில் இருந்ததாகப் பெரியவள் சொன்னாள். சரி, போகட்டும். 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத் தபால் முகவரியை எழுதி ஒரு கவரைப் போட்டால் எந்தப் பாறை இடுக்கில் இருந்தாலும் கைக்கு வந்துவிடும். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். உங்கள் யூனிட்டில் பேப்பரும் புத்தகமும் வைக்கிற இன்பர்மேஷன் ரூமைத் திறந்து வைக்கிறார்களா? நீ அந்தப் பக்கம் போகிறாயா? வெலிங்டனில் நீ உறுதிமொழி எடுத்த கசம் பரேடுக்கு வந்தபோதே இதைச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு அந்தச் சீருடையில் உன்னைப் பார்த்து அம்மா அழுதாள். நான் அழவில்லை, வெயில் கண்ணில் பட்டது. "வீர மதராசி, அடி கொல்லு" என்று மெட்ராஸ் ரெஜிமென்ட் கோஷத்தை அத்தனை பேரும் சேர்ந்து கத்தியபோது உன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதே பிள்ளை அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தின் பெயரைக்கூட எனக்குச் சொன்னதில்லை.

இவர் லைப்ரரியை விட்டு வெளியே வரமாட்டார் என்று நீ சிரிப்பது தெரிகிறது. முழங்கால் போய் லோ மெடிக்கல் கேட்டகரியில் வந்த பிறகு என்னை அங்கே உட்கார வைத்தார்கள். தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன். பல்டனில் ஓட முடியாதவனுக்கு லங்கர் என்கிற சமையல்கூடத்து ஸ்டோர், இல்லாவிட்டால் இன்பர்மேஷன் ரூம். நடுவில் குளிர் காய ஒரு புகாரி அடுப்பு, மேலே தகரக் கூரை, மூன்று நாள் பழைய பேப்பர். மலையாளப் பேப்பருக்குத்தான் அடிதடி. சினிமாப் பக்கத்தை எவனாவது கத்தரித்திருப்பான். ஐந்து பாகம் உள்ள ஒரு சரித்திர நாவல் எல்லா யூனிட்டிலும் இருக்கும், எல்லா யூனிட்டிலும் மூன்றாம் பாகம் மட்டும் இருக்காது. என் காலத்தில் சைனிக் சமாச்சார் 13 மொழியில் வந்தது, தமிழும் உண்டு. 1909 சனவரி 2 அன்று அலகாபாத்தில் ஃபவுஜி அக்பார் என்று ஆரம்பித்த பத்திரிகை அது, 1954-ல்தான் பெயர் மாற்றினார்கள். ரோல் கால் முடிந்து பையன்கள் அதைப் புரட்டும்போது தன் யூனிட் போட்டோ வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

முதுகு பிய்ந்த புத்தகத்துக்கு மைதாப் பசை காய்ச்சுவேன். எம்.ஐ. ரூம் கம்பவுண்டரிடம் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி வாங்கி, நீளமாகக் கிழித்து, பசையில் நனைத்து முதுகில் ஒட்டி, மேலே காக்கித் துணி. அட்டைக்கு ரேஷன் பெட்டி. ராத்திரி முழுக்க ஒரு டிரங்குப் பெட்டியின் அடியில் அமுக்கி வைத்தால் காலையில் புத்தகம் நிமிர்ந்து நிற்கும். வந்த புத்தகத்தை எழுதும் அக்செஷன் ரெஜிஸ்டர், கொடுத்ததை எழுதும் இஷ்யூ ரெஜிஸ்டர் இரண்டும் என் கையெழுத்து. வருஷா வருஷம் போர்டு உட்கார்ந்து எண்ணிப் பார்க்கும். குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும்.

ஒரு வேடிக்கை உண்டு. போஸ்டிங் போகிறவனும் பென்ஷன் போகிறவனும் கிளியரன்ஸ் சிட்டில் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஆயுதம் வைக்கும் கோத், குவார்ட்டர் மாஸ்டர், மெஸ், எல்லாம் முடித்துக் கடைசியில் லைப்ரரி. பதினைந்து வருஷம் அதே பல்டனில் இருந்தவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக உள்ளே வருவான். "ஒண்ணும் எடுக்கலை, சைன் போடுங்க" என்பான். போடுவேன். அப்போது அலமாரியை ஒரு பார்வை பார்ப்பான் பாரு. அந்தப் பார்வையைக் கண்டு எனக்குக் கோபம்தான் வரும். இத்தனை வருஷம் கிடைத்ததே, வந்தாயா?

நீ அப்படிப் போய் நிற்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். எப்போது நிற்பாய் என்று நான் கேட்கவில்லை.

பிறகு ஸ்டேஷன் லைப்ரரிக்கு மாற்றினார்கள். அது பெரியது. ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் லீவில் வருவார்கள், ஜவான்களின் சம்சாரங்கள் வருவார்கள், மேப் ரீடிங் பரீட்சைக்குப் படிக்கிறவன் ஒரு மேஜை, ஜவானிலிருந்து ஆபீசராக ஏ.சி.சி. பரீட்சை எழுதுகிறவன் ஒரு மேஜை. ஒரு கன்னடப் பையன் சமையல்காரனாக இருந்துகொண்டே ராத்திரி பத்து வரை அந்த மேஜையில் உட்காருவான், கையில் வெங்காய வாசம். ஏ.சி.சி. தேறி டேராடூன் போனான். அவன் எனக்கு சல்யூட் அடித்த கடைசி நாளும் நான் அவனுக்கு அடித்த முதல் நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு அவனைவிட மூளை அதிகம். உட்காரும் பழக்கம்தான் இல்லை.

அங்கே எஜுகேஷன் கோர் மேஜர் சாப் ஒருவர் இருந்தார். நான் பசை ஒட்டும்போது நாற்காலியைப் போட்டுக்கொண்டு கதை சொல்வார். ஜிப்ரால்டர் கோட்டையில் 1779 முதல் 1783 வரை முற்றுகை, உள்ளே படிக்க ஒன்றும் இல்லாமல் ஆபீசர்களுக்குப் பைத்தியம் பிடித்ததாம். அதில் தவித்த டிரிங்க்வாட்டர் என்ற கேப்டன் 1793-ல் அங்கே ஒரு லைப்ரரி தொடங்கினார். நம் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1820-களில் தன் வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கண்டோன்மெண்டில் புத்தகம் கொடுத்தான். இங்கிலாந்து அரசாங்கத்தின் சொந்தப் படைக்கே 1838-ல்தான் அது கிடைத்தது. எல்லாம் பட்டாளம் சாராயக் கடைக்குப் போகாமல் இருக்கத்தான். கடை மூடவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும், உன் பெரியப்பாவுக்கு ரொம்பவே தெரியும். கறுப்புச் சிப்பாய்க்கு அந்தப் புத்தகம் கிடையாது. 1806-ல் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி தூக்கியவர்களின் பேரப் பிள்ளைகளுக்கும் கிடையாது.

மேஜர் சாப் சொன்னதில் எனக்கு மறக்காதது அமெரிக்காக்காரன் கதை. இரண்டாம் உலகப் போரில், 1943-லிருந்து 1947 வரை, படைக்கு என்றே 12 கோடிக்கும் மேலே புத்தகம் அடித்தான். இரண்டு புத்தகத்தை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே தாளில் அச்சடித்து, நடுவில் வெட்டி, பின் அடித்து, அகலவாக்கில் சின்னதாக. சட்டைப் பையில் அடங்கும். நனையும், கிழியும், அடுத்தவன் கைக்குப் போகும், எவனும் ரெஜிஸ்டரில் எழுதவில்லை. எனக்கு அது தாங்கவில்லை, ரெஜிஸ்டர் இல்லாமல் எப்படி என்று கேட்டேன், சாப் சிரித்தார். அதைவிட முக்கியம், 1944-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். திரும்பி வருகிறவன் படிக்கலாம், செலவு சர்க்கார் தரும். 22 லட்சம் பேர் அதில் காலேஜ் போனார்கள். சண்டைக்குப் போகும்போது இருபது வயது, திரும்பும்போது இருபத்து நாலு, இருபத்தைந்து. அந்த வயதில் வாழ்க்கை முடிந்தது என்று ஒருத்தனும் உட்காரவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று யோசிக்காதே. சும்மா, ஞாபகம் வந்தது.

மேட்டுத் தெரு சுபேதார் மகன் போன வாரம் வந்தான். உன் பேட்ச்தான், 2023 சனவரியில் சேர்ந்தவன். டீக்கடையில் அவனைச் சுற்றி நாலு பேர். அக்னிவீரர்களில் நாலு வருஷம் முடித்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் படையில் வைத்துக்கொள்வோம் என்று 2022-ல் சொன்னது மாறும் என்கிறான் ஒருவன், மாறாது என்கிறான் இன்னொருவன். உன் பெயரும் அடிபட்டது. நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அம்மா "கேளுங்க, கேளுங்க" என்கிறாள். நான் கேட்கவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல்வாய். காமராஜரையே 1954-ல் ஜெயிக்க வைத்த ஊர் நம் குடியாத்தம். இங்கே ஒருத்தனை ஒருத்தன் கைவிடமாட்டான். லுங்கித் தறி, தீப்பெட்டி என்று எதையாவது பிடித்துப் பிழைத்த ஊர். உனக்கு எதற்கு இதெல்லாம் என்கிறாயா? சரி.

இன்னொன்று. சண்டை பற்றி நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். 1987 கடைசியில் அமைதிப் படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தேன் என்பது மட்டும் உனக்குத் தெரியும். கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் அந்த ஊர் லைப்ரரி இருந்தது. 1981-ல் கொளுத்தினது. 97 ஆயிரம் புத்தகம், ஏட்டுச் சுவடியும் சேர்த்து. பிறகு ஒரு பக்கத்தைக் கட்டினார்களாம், சண்டையில் அதுவும் அடிபட்டு, நாங்கள் போனபோது குண்டு துளைத்த வெள்ளைச் சுவர். அதன் பக்கத்தில் சென்ட்ரி நின்றேன். ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "தம்பி தமிழோ?" என்றார். ஆமாம் என்றேன். "உங்கட ஊரில லைப்ரரி இருக்கோ?" என்று கேட்டார். இருக்கு என்றேன். குடியாத்தம் கிளை நூலகத்தின் வாசல்படியைக்கூட அதுவரை நான் மிதித்ததில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு அப்போது உன் வயசு கூட இல்லை. அம்மாவிடமும் இதைச் சொன்னதில்லை. பிறகு என்னை இன்பர்மேஷன் ரூமில் போட்டபோது சாவியைக் கொடுத்த சுபேதார் சாப், "புத்தகம் போனால் போகட்டும், கதவு மட்டும் பத்திரம்" என்றார். நான் அந்த ஆர்டரை மட்டும் கேட்கவில்லை.

ஆகவே போ. ஞாயிற்றுக்கிழமை தூங்காதே. டிகிரிக்கு இக்னோ திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பெயர் கொடுத்தாயா? பாதி கிரெடிட் நீ செய்கிற வேலைக்கே தருகிறார்கள், மீதிப் பாதிக்குத்தான் படிக்க வேண்டும். உன் கிளார்க்கிடம் கேள். அவன் அப்புறம் வா என்பான், மறுபடி கேள். நாலு வருஷம் முடிந்ததும் கைக்கு வரும் சேவா நிதிப் பணத்தைப் பற்றி எவனாவது வட்டி, சீட்டு, ஆம்பூர் என்று பேசினால் காதில் வாங்காதே. ஆம்பூர் விஷயத்தை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. லைப்ரரிக்குப் போ.

உங்கள் லைப்ரரியில் தமிழ் அலமாரி காலியாக இருக்கும், எனக்குத் தெரியும். அதனால் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழும் சமூக அறிவியலும். ஊர்ப் பிள்ளைகளிடம் வாங்கினது, சிலதில் மீசை வரைந்திருக்கும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சையில் 200 கேள்வியில் 100 தமிழ். அதில் நாற்பது சதவீதம் வாங்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பட்டாளத்துக்குப் போன பையன்கள் இந்தி பேசிப் பேசி அதில்தான் கோட்டை விடுகிறார்கள். நீ திரும்பி வந்துவிடுவாய் என்று நான் முடிவு கட்டி அனுப்பினதாக நினைக்காதே. உன்னை வைத்துக்கொண்டாலும் தமிழ் படித்தால் கெட்டுப் போகமாட்டாய். முதுகு பிய்ந்த இரண்டை நானே ஒட்டினேன், காஸ் துணி மெடிக்கலில் வாங்கினது. படித்து முடித்ததும் உங்கள் இன்பர்மேஷன் ரூமில் கொடுத்து ரெஜிஸ்டரில் ஏற்றச் சொல். ரசீது வாங்கு. ஏழாம் வகுப்பில் எண்ணெய் பட்டிருந்தால் அது அம்மா. முறுக்கை நடுவில் திணிக்காதே என்று சொன்னேன், கேட்டால்தானே.

கடைசியாக ஒரு காரியம். காது குத்துக்கு நாள் குறிக்க வேண்டும், ரயிலில் அறுபது நாளைக்கு முன்னால்தான் டிக்கெட் திறக்கிறார்கள், திறந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. பட்டாளத்து ரயில் வாரண்டில் வருவதானால் படைக்காரருக்கு ஒதுக்கும் எம்.சி.ஓ. கோட்டாவை நம்பி இருக்காதே, கூட்டத்தில் கிடைக்காது. காட்பாடிக்கு நானே எடுத்துவிடுகிறேன். தேதி எழுது. வருவதற்கு மட்டும் எடுக்கவா, போக வர எடுக்கவா என்றும் எழுது.

இப்படிக்கு,
நைனா